அத்திரி நடந்த கழி

என் தாத்தாவின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காய்ப்பு இருந்தது. கறுத்து, மழமழவென்று, தொட்டால் பழைய செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அதைத்தான் தடவிக்கொண்டிருப்பேன். பக்கிங்காம் கால்வாயில் படகு இழுத்ததில் வந்தது. பழவேற்காட்டில் சவுக்கு விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகு பட்டணம் போய்ச் சேர வேண்டும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று செத்துவிட்டால் கோல் ஊன்றுவார்கள். கோலும் எடுபடாத இடத்தில் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எண்ணூர் வரைக்கும், அதையும் தாண்டி பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நடந்த தோள் அது.

அந்தக் கால்வாயை 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே வெட்டத் தொடங்கினார்கள். பிறகு எங்கள் பழவேற்காடு ஏரியைத் தொட்டுக்கொண்டு ஆந்திரக் கரை வரைக்கும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் வயிற்றுக்காக மண் சுமந்தவர்கள் வெட்டிய பகுதியும் அதில் உண்டு. ஏரிக்கரையில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தர்கள், அதே நூற்றாண்டில் தங்கள் ஊர்க் கால்வாய்களில் படகை இழுக்கக் குதிரை பூட்டினார்கள். அமெரிக்காவில் ஈரி கால்வாய் நெடுகிலும் கோவேறு கழுதைகள் இழுத்தன. எங்கள் ஊரில் அந்த இடத்தில் என் தாத்தா இருந்தார்.

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குக் கிடைத்தது ஒரு படம் மட்டும்தான். பொன்னேரி நூலகத்தில், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில், கால்வாய்க் கரையோரமாக நீளக் காது வைத்த ஒரு மிருகம் தலையைக் குனிந்தபடி படகு இழுத்துக்கொண்டு போகிறது. குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்து தாத்தாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பாவம்டா, அதுக்கும் தோள்ல காய்ப்பு இருக்குதா பாரு" என்றார். படத்தில் அது தெரியவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். என் ஆசை அங்கே தொடங்கியது.

மலையே இல்லாத ஊர் எங்களுடையது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் பச்சைக் கோடு, கிழக்கே கடல். குப்பத்திலேயே உயரமான இடம் கலங்கரை விளக்கம். அப்படிப்பட்டவனுக்கு 1988இல் போடிநாயக்கனூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் போடியில் போய் நின்றபோது விடிந்துகொண்டிருந்தது. நிலையத்துக்கு வெளியே வந்தால், ஊருக்கு மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் மலை நின்றது. பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் குரங்கணிக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு புளியமரத்தடியில், என் பத்து வயதுப் படம் உயிரோடு நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

குரங்கணியிலிருந்து மலை ஏறும் பாதைக்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவட வழியாகக் கொட்டகுடிப் பக்கம் கீழே இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. பாதி மலையில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற ஊரில் இன்றைக்கு ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. நான் போன காலத்தில் அந்த ஊருக்கு அரிசி, எண்ணெய், சிமெண்டு எல்லாம் விலங்கின் முதுகில்தான் ஏறின. இறங்கும்போது காப்பி, ஏலம், மிளகு, இலவம் பஞ்சு. மட்டக்குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் கலந்த கூட்டம் அது. மலைக்காரர்கள் எல்லாவற்றையும் 'குதிரை' என்றே சொல்வார்கள்.

பொதி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும். நான் அதைப் பதினோரு வருஷம் பார்த்தேன், சலிக்கவில்லை. முதலில் முதுகைக் கையால் நீவி, ஒரு முள், ஒரு சின்னக் கல் கூட இல்லாமல் துடைப்பார்கள். அதன்மேல் மடித்த சாக்கு. அதன்மேல் வைக்கோல் திணித்த மெத்தை. மெத்தையின் நடுவில், முதுகெலும்பு வருகிற இடம், வேண்டுமென்றே பள்ளமாக விடப்பட்டிருக்கும். சுமை விலாவின் இரு பக்கமும் தாங்க வேண்டும், எலும்பில் உட்காரக் கூடாது. பிறகு வயிற்று வாரை இறுக்குவார்கள். இந்த இடத்தில் கோவேறு கழுதை ஒரு வேலை செய்யும். மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அதனால் பத்தடி நடத்திவிட்டு, மூச்சு விட்ட பிறகு, இன்னொரு முறை இறுக்குவார்கள். அப்புறம்தான் சாக்கு. ஒரு பக்கம் முப்பது, முப்பத்தைந்து கிலோ, மறுபக்கம் அதே அளவு. தராசு கிடையாது. குதிரைக்கார அண்ணன் இரண்டு சாக்கையும் இரண்டு கையால் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தில் ஒரு கல்லைச் செருகுவார். அவ்வளவுதான், சரியாகிவிடும்.

எனக்கு அது புதிதாகவே இல்லை. எங்கள் நைனா தோணியில் வலை ஏற்றும்போது இதையேதான் செய்வார். வலையின் ஈரப் பக்கம் எங்கே, கல் கட்டிய பக்கம் எங்கே, ஆள் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாற்றுவார். தண்ணீர் தோணியின் இரு விளிம்பையும் ஒரே உயரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஏரி மன்னிக்காது. 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு எங்கள் ஏரியில் கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சாயங்காலம் கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்த குழந்தைகளைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்றும் அதைப் பேச மாட்டார்கள். நானும் இதற்குமேல் எழுதப் போவதில்லை. படகுக்கு 'போதும்' என்று சொல்ல வாய் கிடையாது. இதைச் சொல்லத்தான் அதை நினைத்தேன்.

கோவேறு கழுதை சொல்லும். சுமை அதிகமானால் நகராது. குதிரையை அடித்து ஓட்டினால் நெஞ்சு வெடிக்கும்வரை ஓடும் என்பார்கள். கோவேறு கழுதை தன் அளவுக்கு மேல் ஓரடி வைக்காது, தாகத்துக்கு மேல் ஒரு மடக்குக் குடிக்காது. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்தது அது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. இணை சேராத அந்த ஒற்றை எண்ணால் அதற்கு வாரிசு இல்லை. தகப்பனின் கால் திடமும் தாயின் உடல் வலுவும் சேர்ந்து வந்திருக்கிறது. அதோடு சேர்ந்து வந்த நிதானத்துக்கு மனிதர்கள் வைத்த பெயர் பிடிவாதம்.

அண்ணனிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் கோவேறு கழுதை இருந்தது. வெள்ளையம்மா என்று பெயர். ஒரு ஐப்பசி மாதம், இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்த காலையில், அதன் பின்னால் ஏறிக்கொண்டிருந்தோம். ஓர் ஓடையைத் தாண்டி வளைவில் திரும்பியதும் வெள்ளையம்மா நின்றுவிட்டது. இரண்டு காதும் முன்னால் குத்திட்டு நின்றன. பின்னால் வந்த நான்கும் நின்றன. நான் போய்க் கயிற்றைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். "வாத்தியாரே, சும்மா நில்லுங்க. அது பாத்துக்கிட்டு இருக்கு" என்றார் அண்ணன். பாறையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். நான் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாதை கெட்டியாக இருந்தது. யானைச் சாணம் இல்லை, மண் சரிவு இல்லை, ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அண்ணன் எழுந்து, கூட்டத்தைத் திருப்பி, பழைய காப்பித் தோட்டத்து வழியாகச் சுற்றிப் போனார். இரண்டு மணி நேரம் கூடுதல். சாயங்காலம் வேறு ஆட்கள் அதே வளைவு வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப அது எதுக்குண்ணே நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தெரியும். நமக்குத் தெரியணும்னு என்ன இருக்கு?"

அந்தப் பதில் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு நைனா ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது, ஒரு விடியற்காலை, தோணியைத் தள்ளப் போனவர் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று கொஞ்ச நேரம் வடக்கே பார்த்தார். திரும்பி வந்து துடுப்பைச் சுவரில் சாத்தினார். "இன்னிக்கி வேணாம்" என்றார். அது எங்கள் பாட்டு நாள். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். முறை தவறினால் அந்த நாள் போனதுதான். மற்றவர்கள் எல்லாம் போனார்கள். கூடை கூடையாக இறாலோடு வந்தார்கள். புயலும் வரவில்லை, மழையும் வரவில்லை. அம்மா அன்று முழுக்க நைனாவோடு பேசவில்லை. வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். நைனா வாசலில் உட்கார்ந்து வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்கிற கூச்சம் அவர் முகத்தில் துளிகூட இல்லை. அப்போது எனக்கு அவர்மேல் கோபம். வெள்ளையம்மா நின்ற வளைவில்தான் அந்தக் கோபம் இறங்கியது.

நின்றதால் உயிர் தப்பியது என்று ஒரு கதை இருந்தால்தான் நாம் நின்றவனை மதிக்கிறோம். கதை இல்லாவிட்டால் அவன் சோம்பேறி, முரடன், கழுதை. ஆனால் முதுகில் சுமை வைத்திருப்பவரின் 'வேண்டாம்' என்பதற்கு அத்தாட்சி கேட்க, சும்மா கைவீசி நடக்கிற நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கீழே விழுந்தால் அவர்தான் விழப்போகிறார்.

வாயைத் திறக்கவே விடாமல் செய்த காலமும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஜப்பானியப் படைகளின் பின்பக்கம் புகுந்து போரிட்ட சிந்திட் படையினர் ஆயிரக்கணக்கில் கோவேறு கழுதைகளைக் கொண்டுபோனார்கள். சத்தம் போட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்று அவற்றின் குரல்நாணை அறுத்தார்கள். கோவேறு கழுதையின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது குதிரையைப் போலக் கனைக்கத் தொடங்கிக் கழுதையைப் போலக் கத்தி முடிக்கும். தாயும் தகப்பனும் ஒரே மூச்சில் வந்து போவார்கள். அதை அறுத்துவிட்டு, வயர்லெஸ் பெட்டியையும் குண்டுகளையும் ஏற்றினார்கள். வாயைத் திறக்கும், சத்தம் வராது. இதைப் படித்த நாளிலிருந்து பர்மாப் போர்ப் புத்தகம் எதையும் என்னால் முழுதாக வாசிக்க முடிந்ததில்லை. 1940இல் டன்கிர்க் கரையில் இந்தியப் படையின் கோவேறு கழுதைக்காரர்களும் இருந்தார்கள். ஆட்களைக் கப்பல் ஏற்றினார்கள், விலங்குகளை விட்டுவிட்டு வந்தார்கள். பஞ்சாபிலிருந்து அவற்றோடு கடல் கடந்து போனவர்கள் அந்தக் கரையில் எப்படிக் கயிற்றைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஒரு வகையில், தமிழுக்கு நான் கடன்பட்டதும் இந்த மிருகத்தால்தான். கோவேறு கழுதை என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே 'கோ ஏறும் கழுதை' என்று நிற்கிறது. சங்கத் தமிழில் அதற்கு அத்திரி என்று தனிப் பெயர். சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும்போது மாதவி வண்டியில் வருகிறாள், கோவலன் அத்திரி மேல் வருகிறான். பட்டினத்துப் பெருவணிகனின் மகன் மக்கள் பார்க்க ஏறி வந்த வாகனம் அது. இன்று அதன் பெயரை வசவாக வைத்திருக்கிறோம். 1994இல் எழுத்தாளர் இமையம், ஊர் அழுக்கைச் சுமக்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதைக்குக் 'கோவேறு கழுதைகள்' என்று பெயர் வைத்தபோது, அந்தத் தலைப்பில் எவ்வளவு வலி இருந்ததோ அவ்வளவு மரியாதையும் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

பெரும்பாணாற்றுப்படை எங்கள் தொண்டை நாட்டுப் பாட்டு, காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடியது. அதில் சுங்கச் சாவடி இருக்கும் பெருவழியில் கழுதைக் கூட்டம் மிளகு சுமந்து வருகிறது. இரு பக்கமும் நிறை ஒத்த மூட்டைகள். பலா மரத்தில் பழம் தொங்குவது போல என்கிறார் உருத்திரங்கண்ணனார். கழுதையின் முதுகில் ஆழப் பதிந்த தழும்பையும் அவர் விடவில்லை. அந்த வரிகளை முதன்முதலில் படித்தபோது நான் போடியில் வாடகை அறையில் இருந்தேன். தாத்தா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர் பார்க்கச் சொன்ன காய்ப்பை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதே பாட்டில் உப்பு வணிகர்கள் வண்டி கட்டிப் போகிறார்கள். கழியிலிருந்து உப்பு மேலே போயிற்று, மலையிலிருந்து மிளகு கீழே வந்தது. குரங்கணியில் வெள்ளையம்மாவின் வலப்பக்கச் சாக்கில் எத்தனையோ நாள் உப்பு ஏறியிருக்கிறது. ஈரம் கசிந்து சாக்கில் வெள்ளை பூத்திருக்கும். முகர்ந்தால் வீட்டு வாசனை.

இந்த மிருகத்துக்கும் எங்கள் ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கும் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு நற்றிணையைச் சாவகாசமாகப் படித்தேன். 278ஆம் பாட்டு, உலோச்சனார் எழுதியது, நெய்தல் திணை. காதலன் கழி வழியாக வந்திருக்கிறான். அவன் ஏறி வந்த அத்திரி கழிச்சேற்றில் மிதித்து வந்ததால் அதன் குளம்பில் சிவந்த இறால்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன. அகநானூறு 120இல் கழியில் வந்த அத்திரியின் காலைச் சுறா தாக்கிப் புண்ணாக்கியிருக்கிறது. நான் ஆயுள் முழுக்க மலையில் தேடிப் போன மிருகத்தைப் புலவர்கள் சேற்றில், இறாலுக்கு நடுவே, எங்களைப் போன்ற ஒரு கழியில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு ஏரியைப் பார்த்தேன். பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டி அது பாட்டுக்குப் பளபளத்துக்கொண்டிருந்தது.

போடிக்கு இப்போது அகல ரயில் பாதை வந்துவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து நேரடி ரயிலும் விட்டார்கள். போன வருஷம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் இல்லை. அவருடைய மகன் ஜீப் ஓட்டுகிறார். சாலை வரக்கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு, இரவில், டார்ச் வெளிச்சத்தில் இறங்கிய நான்கு பேரில் ஒருவனாக நான் இருந்திருக்கிறேன். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி மக்கள் சாலை கேட்டுக் கேட்டு ஓய்ந்ததும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது தார்ச்சாலை, என் ரசனை இல்லை. ஆனாலும் தேர்தல் வந்தால் தர்மபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் ஏறுகிற படத்தைப் பத்திரிகைகளில் தேடிப் பார்ப்பேன். கேதார்நாத் பாதையில் இரவு பகல் பாராமல் ஓட்டி விழுந்து சாகிற கோவேறு கழுதைகளைப் பற்றிய செய்தி வரும்போது, அவை நின்றிருக்கும், நிற்கவிட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றும். சுமக்க வைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. என் தாத்தா சுமந்தார், ஆயா தலையில் மீன்கூடை சுமந்து பொன்னேரிச் சந்தை வரைக்கும் நடந்தாள். நிற்கும்போது நிற்க விட வேண்டும். இதைத்தான் அண்ணன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினார்.

வைகாசியில் ஏரி ஒடுங்கும். முகத்துவாரம் மணல் மூடி, தண்ணீர் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே நிற்கும். அப்போது இருளர் பெண்கள் இறால் தடவ இறங்குவார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே தவழ்ந்து போவார்கள். போன மாதம் ஒரு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். குளம்பில் இறால் ஒடுங்குமா என்கிற கேள்வியைக் கேட்கத்தான் போனேன். அங்கே தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பழைய பாட்டு, ஒரு கழுதை, சேறு, இறால். வாயில் பறி இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை. என் காலைப் பார்த்தார். அதை எடுக்கச் சொல்லிக் கையால் காட்டினார். சேறு பிடித்து இழுக்க, மெதுவாக எடுத்தேன். கால் இருந்த குழியில் கலங்கல் தண்ணீர் சுழன்று நிரம்பியது. கொஞ்ச நேரம் அப்படியே அசையாமல் இருந்துவிட்டு, அவர் குழிக்குள் கையை விட்டார். வெளியே வந்த கையில் ஒரு வெள்ளிறால் துள்ளியது. அதைப் பறியில் போட்டுக்கொண்டு, அடுத்த அடி எடுத்து வைக்கும்படி எனக்குக் கை காட்டினார்.